அடி வாங்கினாள், விற்றவர் யார்?

தமிழ்நாட்டுக் குளியலறைகள் மீது உடனே ஒரு விசாரணைக் கமிஷன் அமைக்க வேண்டும். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரைப் போடலாம். பத்துமுறை கால நீட்டிப்பு வாங்கிக்கொண்டு அவர் நிதானமாக விசாரிக்கட்டும். நாட்டில் இத்தனை பெண்களின் முகத்தையும் கையையும் உடைத்துவிட்டு, ஒரு வழக்குக்கூட இல்லாமல் சுதந்திரமாக இருக்கிற ஒரே குற்றவாளி குளியலறைதான்.

சந்தேகமிருந்தால் ஏதாவது ஒரு அரசு மருத்துவமனையில் புறநோயாளிப் பிரிவு பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். முகம் வீங்கி வருகிறவளிடம் "என்னம்மா ஆச்சு?" என்றால் "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேங்க." உதடு கிழிந்தவளும் அங்கேதான் வழுக்கியிருக்கிறாள். மணிக்கட்டு முறிந்தவளும் அங்கேதான். இந்தக் குளியலறைகள் தாலி ஏறிய கழுத்தாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்து வழுக்கிவிடுகின்றன. அதே தரையில் தினமும் குளிக்கிற அவள் புருஷன் ஒருநாளும் விழுந்ததில்லை. விழுந்த இடத்தில் அவள் கன்னத்தில் ஐந்து விரல் பதிந்திருக்கிறது. விரல் முளைத்த தரையை நம் ஊர் டைல்ஸ் கடைகளில் எங்கே விற்கிறார்கள் என்று தெரியவில்லை.

டாக்டருக்குத் தெரியும். நர்ஸுக்கு டாக்டருக்கு முன்பே தெரியும். "ஏ.ஆர். போடட்டுமா?" என்று ஒப்புக்குக் கேட்பார்கள். அந்த விபத்துப் பதிவைப் போட்டால் போலீஸுக்குத் தகவல் போகும். அவள் பக்கத்தில் ஓ.பி. சீட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆளைப் பார்ப்பாள். "வேணாங்க." உடன் வந்தவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போடுவதும் அந்த ஆள்தான். உடைத்த கையே கட்டுப் போடவும் கையெழுத்திடுகிற அதிசயம் வேறு எந்தக் குற்றத்திலும் கிடையாது.

எங்கள் தெருமுனையில் தள்ளுவண்டியில் இஸ்திரி போடுகிறவளுக்கு இந்த வசதியும் இல்லை. அவள் குடியிருக்கிற வரிசையில் எட்டு வீட்டுக்கு ஒரே குளியலறை. அதன் மேல் தனியாகப் பழி போட முடியாது. அவளுக்கு இஸ்திரிப் பெட்டி. "பெட்டி பட்டுடுச்சுக்கா" என்பாள். முன்கையில் பட்டது, தோளில் பட்டது, சரி. ஒருநாள் பிடரியில் பட்டிருந்தது. தன் பிடரியைத் தானே தேய்த்துக்கொள்கிற அளவுக்கு எந்தத் துணியில் சுருக்கம் விழுந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்கு நம்மிடம் ஓர் அழகான பெயர் இருக்கிறது: நாகரிகம்.

குளியலறைக்கு உடந்தையாக இருப்பது நம் தமிழ். அவள் 'அடி வாங்கினாள்' என்கிறோம். கத்திரிக்காய் வாங்கினாள், கொசுறாகக் கறிவேப்பிலை வாங்கினாள், அப்படியே அடியும் வாங்கினாள். விற்றவன் யார் என்று வாக்கியத்தில் இல்லை. 'அடி தின்றாள்' என்றும் சொல்வோம், பசியாக இருந்திருப்பாள். 'அறை விழுந்தது' என்போம், மரத்திலிருந்து மாங்காய் விழுகிற மாதிரி. 'கை நீண்டுடுச்சு' என்றால் அது கையின் வளர்ச்சி சம்பந்தப்பட்ட கோளாறு. 'ஏதோ கோபத்துல கை வச்சுட்டான்' என்பதில் மட்டும்தான் அவன் எட்டிப்பார்க்கிறான். அதிலும் அவனுக்கு முன்னால் 'ஏதோ'வும் 'கோப'மும் ஜாமீன் கையெழுத்துப் போடத் தயாராக நிற்கின்றன.

பத்திரிகைகள் இந்த இலக்கணத்தைப் பிசகாமல் காப்பாற்றுகின்றன. 'குடும்பத் தகராறில் பெண் அடித்துக் கொலை' என்று உள்பக்கத்தில் ஒற்றைப் பத்தி வரும். கொன்றது தகராறு, புருஷன் அந்த வழியாகப் போய்க்கொண்டிருந்தவர். செத்தது புருஷனாக இருந்துவிட்டால் மட்டும் காணாமல்போன எழுவாய் ஓடோடி வந்து முன்சீட்டில் உட்கார்ந்துகொள்ளும். 'கணவனைக் கொன்ற மனைவி.' கூடவே 'பகீர் வாக்குமூலம்.' ஆதாரம் இருக்கிறதோ இல்லையோ, 'கள்ளக்காதல்' என்ற சொல்லை அச்சுக்கூடத்தில் எப்போதும் கோத்தே வைத்திருக்கிறார்கள். அவள் வயது, ஊர், கல்யாண போட்டோ எல்லாம் வரும். பெண் அடித்தால் வினை; ஆண் அடித்தால் விதி.

"அப்போ ஆம்பளைங்க அடி வாங்குறதே இல்லையா?" என்று இந்த இடத்தில் ஓர் அண்ணன் எழுந்திருப்பார் என்று தெரியும். உட்காருங்கள் அண்ணே. வாங்குகிறார்கள். அப்படி வாங்குகிற மனிதனுக்கு இந்தச் சமூகம் கொடுத்திருக்கிற மருந்தைத்தான் சொல்ல வந்தேன். அதன் பெயர் பூரிக்கட்டை ஜோக்.

நம் வாரப் பத்திரிகைகளில் எத்தனை தலைமுறையாக அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறோம்! கணவர் தலையில் எலுமிச்சங்காய் அளவுக்குப் புடைப்பு, அதன் குறுக்கே பிளாஸ்திரி. கதவுக்குப் பின்னால் பூரிக்கட்டையோடு சம்சாரம். அது இப்போது வாட்ஸ்அப்புக்குக் குடிபெயர்ந்து தினமும் 'காலை வணக்க'த்தோடு வருகிறது. ஜோக்குகளை வைத்துக் கணக்கெடுத்தால் தமிழ்நாட்டில் நூற்றுக்கு நூறு புருஷர்களும் பூரிக்கட்டையால் அடிபடுகிறவர்கள். அரசாங்கக் கணக்கெடுப்பில், கணவன் அடிக்காதபோதே அவனை அடித்திருப்பதாகச் சொன்ன பெண்கள் நாடு முழுக்க நூற்றுக்கு நான்கு பேர்.

அந்த நால்வரில் ஒருத்தியின் கணவர் நிஜமாகவே காதில் ரத்தத்தோடு காவல் நிலையத்துக்குப் போனால் என்ன நடக்கும்? 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் பெண்களுக்கானது, அவருக்குப் பொருந்தாது. ஆனால் யார் யாரை அடித்துக் காயப்படுத்தினாலும் குற்றம் என்று பொதுச் சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டப் பிரிவுக்குப் போய்ச் சேருவதற்குள் ஒரு சிரிப்பைத் தாண்ட வேண்டும். "என்னாய்யா, பொண்டாட்டிகிட்ட அடி வாங்கிட்டு வந்து நிக்கிற? நீயெல்லாம் ஆம்பளையா?" மனிதர் தானும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, துண்டால் காதை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். ஆண்களுக்கு நாதியில்லை என்று மேடையில் முழங்குகிற அண்ணன்கள் யாரும் அவரோடு அந்தப் படியேறி நான் பார்த்ததில்லை. ஒரு பெண் வாயைத் திறக்கும்போதுதான் அவர்களுக்கு அவர் ஞாபகம் வருகிறது. அவளுடைய வாயில் திணிக்க ஒரு துணி வேண்டும். அதற்கு அவருடைய ரத்தக்கறைத் துண்டு சௌகரியமாக இருக்கிறது. வேலை முடிந்ததும் துண்டை எறிந்துவிட்டு மறுநாள் காலை அதே அண்ணன் பூரிக்கட்டை ஜோக் அனுப்புவார்.

அவள் அடிபட்டால் வாய்மூடி நிற்பதும் அவர் அடிபட்டால் வாய்விட்டுச் சிரிப்பதும் ஒரே அடுப்பில் வெந்த இரண்டு பண்டங்கள். அடிக்கிற உரிமை ஆணுக்கு உரியது என்பதுதான் அந்த அடுப்பு. அதனால் அவன் அடித்தால் குடும்ப நிர்வாகம். அவள் அடித்தால் சர்க்கஸ். அருவி மேலிருந்து விழுந்தால் யாரும் எட்டிப்பார்ப்பதில்லை. கீழிருந்து மேலே ஏறினால்தான் ஊரே கூடி வேடிக்கை பார்க்கும். அடியைப் பற்றி இந்த ஊருக்குப் புகாரே கிடையாது. அது எந்தத் திசையில் போகிறது என்பதுதான் கவலை.

இதை நான் கற்பனையில் சொல்லவில்லை. அரசாங்கமே அச்சிட்ட படிவம் இருக்கிறது. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் ஒரு கேள்வி கேட்கிறார்கள்: கணவன் மனைவியை அடிப்பது எந்தெந்தச் சந்தர்ப்பத்தில் நியாயம்? ஏழு சந்தர்ப்பங்களைச் சொல்லி ஒவ்வொன்றுக்கும் பதில் வாங்குகிறார்கள். அவனிடம் சொல்லாமல் வெளியே போனால். வீட்டையோ பிள்ளைகளையோ கவனிக்காவிட்டால். எதிர்த்துப் பேசினால். படுக்கைக்கு மறுத்தால். சமையல் சரியில்லாவிட்டால். அவள் நடத்தையில் அவனுக்குச் சந்தேகம் வந்தால். மாமனார் மாமியாரை மதிக்காவிட்டால்.

எண்ணிப் பாருங்கள், சரியாக ஏழு. இந்துத் திருமணச் சட்டம் 7-ஆம் பிரிவு சொல்கிற சப்தபதியும் ஏழுதான். அக்கினிக்கு முன்னால் மணமக்கள் சேர்ந்து வைக்கிற ஏழடி. அங்கே காலால் ஏழடி, இங்கே கையால் ஏழடி. 1967-இல் தமிழ்நாடு அதே சட்டத்தில் 7-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்து, அக்கினியும் புரோகிதரும் இல்லாத சுயமரியாதைத் திருமணத்துக்கு அங்கீகாரம் கொடுத்தது. பெருமைதான். முதல் ஏழடியை விலக்கிவிட்டோம். இரண்டாவது ஏழடியை விலக்க இன்னும் எந்தத் தலைவரும் மாநாடு கூட்டவில்லை. சுயமரியாதைத் தாலிக்கும் சாஸ்திரத் தாலிக்கும் அறை ஒரே எடைதான்.

2019–21 கணக்கெடுப்பில், இந்த ஏழில் ஒன்றுக்காவது அடிக்கலாம் என்று சொன்ன ஆண்கள் இந்தியாவில் நூற்றுக்கு 44. பெண்கள் நூற்றுக்கு 45. "பார்த்தீங்களா! பொம்பளைங்களே ஒத்துக்கிறாங்க" என்று அண்ணன் மறுபடி எழுந்திருப்பார். ஒத்துக்கொள்ளாமல் என்ன செய்வாள்? கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போனவளிடம் அம்மா சொல்கிற முதல் வார்த்தை, "உங்கப்பா எனக்குக் குடுக்காத அடியாடி?" பாட்டி அம்மாவுக்குக் கொடுத்த பித்தளை அண்டா, அம்மா மகளுக்குக் கொடுக்கிற கட்டில் பீரோ, அவற்றோடு இந்த வாக்கியமும் சீர்வரிசையில் வருகிறது. அடியாத மாடு படியாது என்று மாட்டுக்குச் சொன்னதை மனுஷிக்குச் சொல்லி வளர்த்துவிட்டு, மாடே தலையாட்டுகிறது பார் என்றால் என்ன அர்த்தம்?

அந்தக் கணக்கெடுப்பில் மனைவி கணவனை அடிப்பது எப்போது நியாயம் என்ற கேள்விக்குக் கட்டமே இல்லை. ஒருநாள், ஒரே ஒரு நாள், அந்த ஏழையும் திருப்பிப் போட்டுப் பார்ப்போம். சொல்லாமல் வெளியே போனால் அடி: 'டீ குடிச்சிட்டு வந்துடறேன்' என்று சட்டையை மாட்டிக்கொண்டு போய் ராத்திரி பதினொரு மணிக்குத் திரும்புகிறவர்கள் முதல் வரிசையில் நிற்கலாம். பிள்ளைகளைக் கவனிக்காவிட்டால் அடி: மகள் எட்டாவதா ஒன்பதாவதா என்று மனைவியைப் பார்க்கிற அப்பாக்கள் இரண்டாம் வரிசை. சமையல் சரியில்லாவிட்டால் அடி: சமைத்தால்தானே சரியில்லாமல் போவதற்கு? மாமனார் மாமியாரை மதிக்காவிட்டால் அடி: தலைதீபாவளி மோதிரம் கால் பவுன் குறைந்ததற்குப் பதினெட்டு வருஷமாக மாமனாரிடம் முகம் கொடுத்துப் பேசாதவர்கள் வரலாம். அன்று சாயங்காலம் புத்தூர்க் கட்டு வைத்தியசாலை வாசலில் தொடங்குகிற வரிசை புத்தூருக்கே போய்ச் சேர்ந்துவிடும்.

பெண்கள் அப்படிச் செய்யவில்லை. செய்ய வேண்டும் என்றும் சொல்லவில்லை. அந்த வரிசையை நினைத்ததும் உங்களுக்குச் சிரிப்பு வந்தது அல்லவா, அதைக் கொஞ்சம் தொட்டுப் பாருங்கள். இந்தப் பக்கத்து வரிசையில் பெண்கள் நிஜமாகவே நிற்கிறார்கள். அதே கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையிலான மணமான பெண்களில் கணவனின் வன்முறையை அனுபவித்தவர்கள் நூற்றுக்கு 38. இந்தியச் சராசரி 29. கல்வியில், மருத்துவத்தில், தொழிலில் தேசியச் சராசரியைத் தாண்டிவிட்டோம் என்று மார்தட்டுகிற மாநிலம் இதையும் தாண்டியிருக்கிறது. கர்நாடகம் 44 எடுத்து நம்மை முந்திவிட்டது. காவிரிக்கு வாரியம் கேட்ட நாம் இதற்கு ஒரு வாய் தண்ணீர்கூடக் கேட்கவில்லை. நாட்டில் வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி கேட்டவர்கள் நூற்றுக்கு 14. யாரிடமும் மூச்சே விடாதவர்கள் 77. குளியலறைகளின் புகழுக்குக் காரணம் அந்த 77.

சட்டம் இல்லாமலா இருக்கிறது? 1983-இல், மனைவியைக் கொடுமைப்படுத்துவதைக் குற்றமாக்கிய 498-ஏ பிரிவு வந்தது. 2006 அக்டோபர் 26 முதல் குடும்ப வன்முறைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அடி மட்டுமல்ல, சொல்லடியும் வன்முறை. அவள் சம்பள ஏ.டி.எம். கார்டைப் பிடுங்கி வைத்துக்கொள்வதும் அதன்படி வன்முறைதான். எல்லா வீட்டுச் சண்டையிலும் கடைசி வசனமாக வருகிற 'வெளிய போடி, இது என் வீடு' என்பதை அந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு செல்லாக்காசாக்குகிறது. வீடு யார் பெயரில் இருந்தாலும் அங்கே குடியிருக்கிற உரிமை அவளுக்கு உண்டு. மனு கொடுத்தால் மூன்று நாளுக்குள் முதல் விசாரணை, 60 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும். அறுபது நாள் என்பதைச் சில இடங்களில் அறுபதாம் கல்யாணம் வரை என்று படித்துவிட்டார்கள் போலிருக்கிறது.

படுக்கைக்கு மறுத்தால் என்ற நான்காவது அடிக்கு மட்டும் சட்டமே குடை பிடிக்கிறது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய பாரதிய நியாய சன்ஹிதாவிலும், 18 வயது நிறைந்த மனைவியைக் கணவன் பலவந்தப்படுத்துவது வன்புணர்வு ஆகாது என்ற பழைய விதிவிலக்கு அலுங்காமல் குலுங்காமல் உட்கார்ந்திருக்கிறது. அதைக் குற்றமாக்குவது மிகக் கடுமையாகிவிடும் என்று அதே ஆண்டு மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. யாருக்குக் கடுமை என்று கேட்கக் கூடாது. கேட்டால் அது மூன்றாவது அடி, எதிர்த்துப் பேசுவது.

"ஒரு போன் போட்டா போதும், மாமனார் மாமியாரோட கூண்டோட உள்ள தள்ளிடுறாங்க" என்று அண்ணன் இன்னும் புலம்புகிறார். உச்ச நீதிமன்றம் 2014-இலேயே, 498-ஏ என்றதும் கண்ணை மூடிக்கொண்டு கைது செய்யாதே, காரணத்தை எழுதி வை என்று போலீஸுக்குக் கடிவாளம் போட்டாயிற்று. பொய் வழக்கு உண்டா? உண்டு. திருட்டுக் கேஸிலும் பொய் உண்டு. அதற்காக யாரும் பீரோவைத் திறந்துபோட்டுத் தூங்குவதில்லை.

"குடிச்சா அவரு மனுஷனே இல்லீங்க, குடிக்காதப்போ தங்கம்" என்ற வாதமும் உண்டு. எவ்வளவு குடித்திருந்தாலும் அந்தத் தங்கம், வழியில் நிறுத்தி ஊதச் சொல்கிற எஸ்.ஐ.யை அறைந்ததில்லை. கைகட்டி 'சார்' போட்டு ஊதிவிட்டு, பத்திரமாக வீடு வரைக்கும் கையைக் கொண்டுவந்து, கதவைச் சாத்திய பிறகுதான் நிதானம் இழக்கிறது. இத்தனை நிதானமான போதையை உலகத்தில் எங்கும் காணோம்.

இஸ்திரி போடுகிறவள் போன மாசம் வண்டியைத் தள்ளாமல் என் வீட்டுப் படியில் வந்து உட்கார்ந்தாள். இடது கண் மூடிக் கிடந்தது. "பெட்டியா?" என்றேன். "இல்லக்கா" என்றாள். பதினாலு வருஷத்தில் முதல் 'இல்லை.'

அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போனோம். பெண் பெண்ணிடம் பயமில்லாமல் சொல்லட்டும் என்று 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் தொடங்கிய ஏற்பாடு. நாங்கள் போனது வேறோர் ஊரில் வேறொன்று. அவளுக்கு பெஞ்ச். தகவல் தெரிந்து வட்டச் செயலாளரோடு வந்து சேர்ந்த அவள் புருஷனுக்கு நாற்காலி. மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். அவள் தேய்த்தது.

ஏட்டம்மா நல்லவர்தான். "அழாத. தண்ணி குடி" என்றார். பிறகு கேட்கத் தொடங்கினார். "சாப்பாடெல்லாம் ஒழுங்கா பண்ணிப் போடுறியா?" "மாமியாரோட எதுனா சண்டையா?" "அவரு கோவமா இருக்கும்போது நீ எதுத்து எதுத்துப் பேசுவியா?" "சொல்லிட்டுத்தான வெளிய போவ?" குரலைத் தாழ்த்தி, "போன்ல யார்கூடவும் பேசுற பழக்கம் இல்லையே?" நான் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். கணக்கெடுப்புப் படிவத்தைப் பார்க்காமலே ஐந்து கேள்வி வரிசையாக வந்துவிட்டன. நாற்காலியில் இருந்தவனிடம் கேட்டது ஒன்றுதான். "குடிப்பியாப்பா?" "லைட்டாங்க மேடம்."

வட்டச் செயலாளர் ஒரு தாளை நீட்டினார். சமாதானக் கடிதம், ஏற்கெனவே எழுதியாயிற்று. 'எங்கள் இருவருக்கும் இடையே சிறு குடும்பத் தகராறு ஏற்பட்டது. இனிமேல் இருவரும் சண்டை சச்சரவு இன்றி...' ஒருவன் அடித்ததை இருவருக்கும் பாதிப் பாதியாகப் பங்கு போட்டிருந்தார்கள். சொத்தில் கிடைக்காத சம பங்கு இதில் கிடைத்தது.

அவள் திறந்திருந்த ஒற்றைக் கண்ணுக்குப் பக்கத்தில் தாளைப் பிடித்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். "தகராறுன்னு போட்டிருக்குங்க" என்றாள்.

"ஆமா, அப்படித்தாம்மா எழுதணும்."

"தகராறுக்குக் கை ஏதுங்க?"

ஏட்டம்மா கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தார். மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்தார். பேனாவையும் வைத்தார். "எழுதத் தெரியுமா?"

ஐந்தாவது வரைக்கும் படித்தவள். எழுதி முடிக்க வெகுநேரமாயிற்று. 'என் புருஷன் என்னை அடித்தார்.' பேனாவை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கடைசி எழுத்தைக் குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் 'ன்' என்று எழுதினாள்.

பதினாலு வருஷ தாம்பத்தியத்தில் அவள் திருப்பி அடித்தது அந்த ஒரு 'ர்' மட்டும்தான்.